வான்கோழிச் சேவல் பக்கத்தில் வந்த பிறகு சிலேட்டும் பாக்ஸும்: கை எப்போது நிற்க வேண்டும்?

மேப்பிள்_நிழல் (ஜார்ஜியா)

எல்லோருக்கும் வணக்கம். மான் வேட்டைக்கு இங்கே நிறைய இழைகள் இருக்கின்றன. காட்டு வான்கோழிக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை, அதனால் தொடங்குகிறேன்.

டயாஃப்ரம் என்ற வாய்க்கருவி எனக்கு ஒத்துவராது. அண்ணத்தில் வைத்தாலே குமட்டுகிறது. ஆகவே என் கையில் இருப்பது உரசிப் பெட்டைக் குரல் எழுப்பும் கருவிகள் மட்டும்தான்: ஒரு சிலேட்டு, அதை உரச மரக்குச்சி, மூடியை உரசிக் கத்தவைக்கும் மரப்பெட்டியான ஒரு பாக்ஸ். தூரத்தில் இருக்கும் சேவலைக் கூப்பிட இவை தாராளமாகப் போதும். இருநூறு யார்டுக்கு அப்பால் காபிள் அடிக்கும் (சேவல் கத்துவதைத்தான் சொல்கிறேன்), நூறுக்கு வரும், பிறகு ஐம்பது அறுபதில் மரங்களுக்கு நடுவே நின்றுகொள்ளும். நின்ற இடத்திலேயே காபிள், காபிள், காபிள். ஓர் அடி முன்னால் வைக்காது.

அந்தத் தூரத்தில் சிலேட்டு பிடித்த கை அசைந்தால் அதற்குத் தெரியுமா? குரலை நிறுத்திவிட வேண்டுமா, மெதுவாகத் தொடர வேண்டுமா? பொது நிலம் (மற்ற வேட்டைக்காரர்களும் வரும் இடம்), ஓக்கும் பைனும் கலந்த காடு, கிழக்கத்தி இனச் சேவல்கள். அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

---

ஓசார்க்_வாசி (மிசூரி)

தம்பி, தெரியும். சந்தேகமே வேண்டாம். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே சுமார் 270 பாகை பார்க்கும். கொஞ்சம் கழுத்தைத் திருப்பினால் சுற்றுவட்டம் முழுக்க அதன் பார்வையில். காதும் லேசுப்பட்டதில்லை. நூறு யார்டில் நீங்கள் கொடுத்த குரல் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். அறுபதில் நின்று அது செய்வது ஒன்றுதான்: அந்த மரத்தடியில் பெட்டை தெரிகிறதா என்று பார்க்கிறது. குரல் இருக்கிறது, கோழி இல்லை. அதனால் நிற்கிறது.

இயற்கையில் சேவல் நின்று கூப்பிடும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றப் பார்க்கிறோம். கடைசி அறுபது யார்டில் அதன் பொறுமை தீர்ந்துபோவது இதனால்தான்.

என் கருத்து இது. பக்கத்தில் வந்த சேவலுக்கு எந்தக் குரல் கொடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. முதலில் அதன் நடையைப் பாருங்கள். அது நம்மை நோக்கி நடந்துகொண்டிருந்தால் கை தொடையை விட்டு எழவே கூடாது, எவ்வளவு காபிள் அடித்தாலும் சரி. காபிளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று கை துடிக்கும், அதை அடக்க வேண்டும். நடக்கும் பறவைக்குக் குரல் கொடுத்தால் அது நின்றுவிடும். பெட்டை பதில் சொல்கிறாள் என்றால் அவளே வருவாள் என்று எடுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தோகையை விரித்துவிடும்.

நின்றுவிட்டால்? அப்போது குரல் வேண்டும். ஆனால் மிகச் சிறிய குரல். அதற்குச் சிலேட்டை மிஞ்சிய கருவி கிடையாது என்பேன், வாயில் வைப்பது உட்பட.

---

டெக்சஸ்_கருவேலம் (டெக்சஸ்)

அண்ணா சொன்ன முதல் பாதிக்கு நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாதிக்கு இல்லை.

நான் வேட்டையாடுவது மேற்கே, ரியோ கிராண்டே இனம். இங்கே காடு என்றால் மெஸ்கீட் புதர்தான். நம்மூர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் அது, அதனால்தான் இந்தப் பெயர் வைத்துக்கொண்டேன். மறைவு குறைவு. எண்பது யார்டில் பறவை உங்களை நேராகப் பார்க்கும். அங்கே சிலேட்டை உரசுகிறேன் என்று உட்கார்ந்தால் கதை முடிந்தது. சேவல் கண்ணுக்குத் தெரிந்த நொடியில் கருவியைத் தரையில் வைத்துவிடுவேன். அதன்பின் துப்பாக்கியும் பொறுமையும்தான். நின்றாலும் சரி, காத்திருப்பேன். இருபது நிமிடம், முப்பது நிமிடம். பெட்டை திடீரென்று மௌனமானால் சேவலுக்குச் சந்தேகம் வரும், போய்விட்டாளோ என்று. தேடி வரும்.

குரலே இல்லாமல் வந்த சேவல்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

---

ஓசார்க்_வாசி

டெக்சஸ் தம்பி, வெட்டவெளியில் நீங்கள் சொல்வதே சரி. அடர்ந்த காட்டில் நிலைமை வேறு. பறவை அறுபது யார்டில் நிற்பது காதுக்குத்தான் தெரியும், கண்ணுக்குப் பாதி நேரம் தெரியாது. நமக்குத் தெரியாதபோது அதற்கும் நம்மைத் தெரியாது. அந்த இடைவெளிதான் உரசு கருவிக்கு உரியது. ஒரு தடித்த ஓக் மரத்துக்குப் பின்னால் அதன் தலை மறையும்போதோ, தோகை விரித்து முதுகைக் காட்டித் திரும்பும்போதோ மூன்று நான்கு நொடி கிடைக்கும். தோகை விரிந்த சேவல் அப்புறம் திரும்பினால் அந்த விசிறியே அதன் பார்வையை மறைத்துவிடும்.

மேப்பிள் தம்பிக்கு முழுதாகச் சொல்கிறேன்.

சிலேட்டு தொடையின் மேல், முட்டிக்கு இந்தப் பக்கம். முட்டி உயர்ந்து இருக்கட்டும், கை அதன் மறைவில் வேலை செய்யட்டும். சிலேட்டை உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்தால் அடியில் இருக்கும் துளைகள் அடைபட்டுச் சத்தம் செத்துப்போகும். தூரத்தில் கூப்பிடும்போது விரல்நுனிகளால் மட்டும் தாங்க வேண்டும். பக்கத்தில் வந்தபின் இதையே நமக்குச் சாதகமாக்கலாம்: கீழே விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் துளைகளைப் பாதி மூடினால் குரல் அடங்கும், ஆனால் உடையாது.

குச்சியைப் பென்சில் பிடிப்பதுபோல், நுனிக்கு நெருக்கமாகப் பிடியுங்கள். நுனி சிலேட்டை விட்டு எழக் கூடாது. குச்சியின் எடை மட்டும் போதும், நீங்கள் அழுத்த வேண்டாம். அப்படியே ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மெதுவாக இழுத்தால் ‘ப்ர்ர்ர்ர்’ என்று வரும். அதுதான் பர். வயிறு நிறைந்த, பயமில்லாத பெட்டை மேய்ந்துகொண்டே எழுப்பும் சத்தம் அது. அதன் முடிவில் குச்சியைச் சட்டென்று கால் அங்குலம் தள்ளினால் ஒரு ‘க்ளக்’. ஒரு பர், ஒரு கிளக், அவ்வளவுதான். பிறகு பத்து நிமிடம் கை கீழே.

விளிம்பை ஒட்டி உரசினால் சுருதி ஏறும், நடுவை நோக்கிப் போனால் இறங்கும். பக்கத்தில் வந்த பறவைக்கு நடுப்பக்கம் நல்லது.

---

காலைப்பனி (விஸ்கான்சின்)

ஓசார்க் அண்ணா, ஒன்று சேர்க்கிறேன். கிளக் என்று நினைத்து அவசரத்தில் கொடுக்கும் சத்தம் ‘புட்’ ஆகிவிடக் கூடாது. இரண்டும் ஒற்றை ஒலிதான். கிளக் மெத்தென்று, இடைவெளி விட்டு வரும். புட் கூர்மையானது, வெட்டியெறிந்த மாதிரி வரும். அது ஆபத்து அறிவிப்பு. ஐம்பது யார்டில் ஒரு புட் கேட்டால் சேவல் கழுத்தை நீட்டி, தோகையைச் சுருக்கி, நடையைக் கட்டும். கை பதறும்போது குச்சியில் அழுத்தம் தானாகவே கூடும், அதனால்தான் இது நடக்கிறது. சந்தேகம் இருந்தால் கிளக் வேண்டாம், பர் மட்டும் போதும். பர்ரில் தப்பு வந்தாலும் அது பயமுறுத்தாது.

கண்ணாடிப் பரப்பும் அலுமினியமும் இந்த வேலைக்கு வேண்டாம். அவை காற்று நாளில் குரலைத் தூரத்துக்கு எறிய. மென்மைக்கு உண்மையான கல் சிலேட்டுதான்.

கையுறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் கை கறுப்போ மாநிறமோ, அசைந்தால் வெளிச்சத்தில் மின்னும். மெல்லிய கறுப்பு அல்லது காட்டு நிறக் கையுறை, குச்சி பிடிக்கும் கட்டைவிரல், ஆட்காட்டிவிரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டது. முகத்துக்கும் வலை.

---

ஒன்டாரியோ_வடலி (கனடா)

எல்லாரும் சிலேட்டையே கதைக்கிறியள், பாக்ஸுக்கு ஒருத்தரும் பரிஞ்சு பேசேல்லை. நான் பாக்ஸ் செய்யிறனான், விக்கிறதுக்கில்லை, எனக்கும் கூட்டாளிமாருக்கும். அதால கொஞ்சம் எழுதுறன்.

உரசு கருவி எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்டுதான். மரம் மரத்தில ஒட்டும், வழுக்கும், திரும்ப ஒட்டும், வழுக்கும். வயலின் வில்லுக்கு ரோசின் பூசுறது எதுக்கோ அதுக்குத்தான் பாக்ஸுக்கு சாக்பீஸ். ஒட்டுப்பிடிப்பு இல்லாட்டி குரல் இல்லை. எண்ணெய், மெழுகு கலந்த சாக்பீஸ் பூசினால் மரம் பாழ். விரலில இருக்கிற எண்ணெயே போதும் கெடுக்கிறதுக்கு, உரசுற விளிம்பைத் தொடக்கூடாது.

ஹென்றி கிப்சன் எண்டவர் ஆர்கன்சாவில 1897இல இந்த மூடிவைச்ச பாக்ஸுக்குக் காப்புரிமை எடுத்தவர். அதுக்குப் பிறகு வடிவம் பெரிசா மாறேல்லை: கீழ ஒரு நீளப் பெட்டி, மேல வளைஞ்ச அடிப்பக்கம் உள்ள மூடி, ஒரு முனையில ஆணி. ரெண்டு பக்கச் சுவரும் ரெண்டு சுருதி. மெல்லிசாச் சீவின பக்கம் ஒருவிதமாக் கத்தும், மற்றப் பக்கம் கொஞ்சம் கரகரப்பு.

கிட்ட வந்தாப் பிறகு பாக்ஸ் பாவிக்கேலாது எண்டு சொல்லுறது சரியில்லை. மூடியைத் தூக்கி அடிக்கிற ஆக்களுக்குத்தான் அது பொருந்தும். பெட்டியைத் தொடைகளுக்கு நடுவில பதிய வையுங்கோ. மூடியை ஒரு விரலால மட்டும், அதின்ர பாரத்தோட, நகம் அளவு தூரம் தள்ளுங்கோ. பர் வரும். ஆணியை இறுக்கித் தளர்த்தி விளையாடாதேங்கோ, சுருதி போனா காட்டில திருப்பி எடுக்கேலாது.

சத்தம் தேவையில்லாத நேரம் மூடிக்கும் பெட்டிக்கும் இடையில ஒரு துணித்துண்டு, மேல ரப்பர் பேண்ட். எழும்பி நடக்கேக்க பைக்குள்ள கிடந்து அது ‘கீச்’ எண்டா அந்தக் காலமை முடிஞ்சுது.

---

ஓசார்க்_வாசி

வடலி அண்ணை, உங்கள் பாக்ஸ் அப்படிப் பாடலாம். கடையில் வாங்கும் பாக்ஸில் அந்த மென்மை எல்லாவற்றிலும் வருவதில்லை. இன்னொன்று, சிலேட்டில் வலதுகை மட்டும் அசைகிறது, அதுவும் முட்டி மறைவில். பாக்ஸில் தோளும் கொஞ்சம் அசையும். முப்பது யார்டில் அந்த வித்தியாசம் பெரிது. எண்பது வரை பாக்ஸ், அதற்குள்ளே சிலேட்டு என்பதில் நான் பிடிவாதமாகத்தான் இருக்கிறேன்.

---

ஒன்டாரியோ_வடலி

தோள் அசையுற அளவுக்குப் போறது யெல்ப், அதாவது பெட்டையின்ர உரத்த கூப்பிடு குரல், அடிக்கேக்கதான் தம்பி. பர்ருக்குத் தோளுக்கு என்ன வேலை? மணிக்கட்டும் அசையாது, விரல் மட்டும்தான். நீங்கள் உங்கட பிடிவாதத்தில நில்லுங்கோ, நான் என்ரையில நிக்கிறன். கடையில வாங்கிற பெட்டி பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. வாங்கேக்க சத்தமா அடிச்சுப் பாத்து வாங்காதேங்கோ, ஆகச் சின்னக் குரல் ஒழுங்கா வருதோ எண்டு பாருங்கோ.

---

மேப்பிள்_நிழல்

நன்றி, நிறைய கிடைத்தது. ஒரு நடைமுறைச் சிக்கல் கேட்கிறேன். நான் வலதுகைக்காரன். குச்சியும் வலதுகையில், துப்பாக்கி விசையும் வலதுகையில். சேவல் நாற்பது யார்டில் தலையை நீட்டும்போது குச்சியை எங்கே போடுவது?

---

காலைப்பனி

இதற்கு என் விடை வேறு கருவி: புஷ் பட்டன். சின்ன மரப்பெட்டி, உள்ளே ஸ்பிரிங், வெளியே ஒரு குமிழ். அதுவும் உரசு கருவிதான். பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் மாதிரி இருப்பதால் அனுபவசாலிகள் பலர் தொடுவதில்லை. அதன் குரல் தூரம் போகாது, ஆனால் நமக்கு வேண்டியது பக்கத்தில்தானே. துப்பாக்கியின் முன்கட்டையில் ரப்பரால் கட்டிவிட்டு, இடதுகை விரல் ஒன்றால் குமிழை அரை மில்லிமீட்டர் தள்ளினால் பர்ரும் கிளக்கும் வரும். துப்பாக்கி தோளில், கன்னம் கட்டையில், வலதுகை விசையருகே. எதையும் கீழே போட வேண்டியதில்லை. வாய்க்கருவி ஒத்துவராதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. நடக்கும்போது அதைக் கழற்றிப் பையில் வையுங்கள், அல்லது குமிழுக்கும் பெட்டிக்கும் இடையே ஏதாவது செருகுங்கள்.

---

ஓசார்க்_வாசி

காலைப்பனி அக்கா சொன்னது நல்ல வழி. சிலேட்டோடு இருக்க விரும்பினால் இப்படிச் செய்யலாம்: துப்பாக்கி முதலிலேயே இடது முட்டிமேல், கட்டை தோளில். சிலேட்டை இடது தொடையில் பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள், அதற்கென்றே பட்டை விற்கிறார்கள். இடதுகை துப்பாக்கியைத் தாங்கட்டும். வலதுகையில் குச்சி. கடைசி பர் முடிந்ததும் குச்சியை விரலிடுக்கிலிருந்து மடியில் நழுவவிட்டு, கையை அப்படியே பின்னால் இழுத்தால் பிடி. மேலே தூக்கும் அசைவே இல்லை. குச்சியைக் கையிலிருந்து கீழே வைக்கக் குனியாதீர்கள்.

குச்சியை வைக்க வேண்டிய நேரம் எது என்று கேட்டால், டிரம் சத்தம். முதலில் துப்பும் ஓசை, உடனே அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு தாழ்ந்த ‘ட்ரூம்ம்’. காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரியும். தாழ்ந்த சத்தம், தூரம் போகாது. அது கேட்டால் சேவல் பக்கத்தில் இருக்கிறது, பார்வைக்கு வரப்போகிறது. காபிள் நின்றுபோய் டிரம் மட்டும் கேட்டால் இன்னும் நல்லது.

---

டெக்சஸ்_கருவேலம்

நான் குரலே வேண்டாம் என்றதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். குரலுக்குப் பதில் இலை. ஓக் சருகில் வான்கோழி கிளறுவது சீரான சத்தம் அல்ல. ஒரு நீண்ட கீறல், இரண்டு குட்டைக் கீறல், நிறுத்தம். நிறுத்தத்தில் அது குனிந்து பொறுக்கும். பிறகு மறுபடி. இடுப்புக்குப் பின்னால், மரத்தின் பின்பக்கம் கையை நீட்டி இதைச் செய்யலாம், முன்னால் இருக்கும் பறவைக்குக் கை தெரியாது. அணில் கிளறுவது துள்ளித்துள்ளி வரும், ஆள் நடை ஒரே சீராக வரும். இந்த நிறுத்தம்தான் பெட்டையின் அடையாளம்.

புதரில் நான் இதைச் செய்வதில்லை, சருகு இல்லை. நண்பர் ஒருவரோடு கிழக்கு டெக்சஸ் பைன் காட்டில் உட்கார்ந்தபோது பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது.

---

ஓசார்க்_வாசி

அருமை. இலையும் பர்ரும் சேர்ந்தால் அதுதான் உண்மையான பெட்டை. முதலில் இலை. பத்து நிமிடம் பார்த்து நகரவில்லை என்றால் ஒரு பர். அதற்கும் நகரவில்லை என்றால் சிலேட்டைப் பக்கவாட்டில், உடம்பை ஒட்டித் திருப்பி வைத்து, குரல் பின்னால் போவதுபோல் ஒரு பர் கொடுங்கள். பெட்டை விலகிப் போகிறாள் என்று தோன்றும். நின்ற சேவலை நகர்த்துவதில் இந்த ஒன்று பல நேரம் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது.

அது திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டால் மட்டும் மென்மையை விட்டுவிடலாம். அப்போது வேகமான, கோபமான கிளக்குகள், ‘கட்டிங்’ என்பார்கள். போவதைத்தான் போகிறது, இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்போது அதன் முதுகு நம் பக்கம், கை அசைந்தாலும் பரவாயில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு முக்கியமானதைச் சொல்லாமல் விடக் கூடாது. பாதிச் சேவல்கள் அறுபது யார்டில் நிற்பதற்குக் காரணம் நம் குரலே அல்ல, நாம் உட்கார்ந்த இடம். நீண்ட சமவெளியின் கோடியில் உட்கார்ந்து கூப்பிட்டால் அது அறுபதில் நின்று முழுவதும் பார்த்துவிடும், பெட்டை இல்லை என்று தெரிந்துவிடும். குன்றின் முதுகுக்கு இந்தப் பக்கம் முப்பது யார்டில் உட்காருங்கள். பெட்டையைப் பார்க்க அது முதுகின் மேல் ஏறியே ஆக வேண்டும், ஏறும்போது அது ஏற்கெனவே சுடும் எல்லைக்குள். பழைய மரவண்டிப் பாதையின் வளைவும் அப்படித்தான். நடுவே ஓடை, முள்கம்பி வேலி, பள்ளம் இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துவையுங்கள். அவற்றைத் தாண்டிப் பறக்கவோ இறங்கவோ அதற்கு முடியும், ஆனால் பெட்டைக்காகப் பெரும்பாலும் செய்யாது.

---

தேரிக்காடு (தூத்துக்குடி)

நான் வேட்டைக்காரன் இல்லை. பாட்டி வீட்டில் வான்கோழி வளர்த்தார்கள், சேவல் சிலிர்த்து நிற்பதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அந்த ஆசையில் படித்தேன். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டில் ஒரு கவுதாரியைத் தொட முடியாது. அதனால் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணைசேரும் பருவத்தில் துணையின் குரலைப் போலி செய்து கூப்பிட்டுச் சுடுவது அந்த இனத்தைக் குறைத்துவிடாதா?

---

காலைப்பனி

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, நல்ல கேள்வி.

வசந்த காலத்தில் சுட அனுமதிப்பது சேவலையோ தாடி இருக்கும் பறவையையோ மட்டும். மார்பிலிருந்து தொங்கும் முடிக்கற்றையைத் தாடி என்கிறோம், பெரும்பாலும் சேவலுக்குத்தான் இருக்கும். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும், அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ சேவலுக்குப் பங்கில்லை. பெட்டைகள் பெரும்பாலும் முட்டையிடத் தொடங்கிய பிறகு வேட்டைப் பருவத்தைத் திறந்தால் பாதிப்பு குறைவு, அதனால் திறக்கும் தேதியில் எங்கும் வாக்குவாதம் நடக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழிப்பாலும் வரம்பில்லாத வேட்டையாலும் இந்தப் பறவை பல மாநிலங்களில் அற்றே போயிருந்தது. விஸ்கான்சினில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1976இல் மிசூரியில் பிடித்த பறவைகளை இங்கே வெர்னன் கவுண்டியில் விட்டார்கள், பதிலுக்கு நாங்கள் ரஃப்டு குரவுஸ் பறவைகளைக் கொடுத்தோம். ஆகவே ஓசார்க் அண்ணாவின் காட்டுப் பறவைகளின் பேரப்பிள்ளைகளைத்தான் நான் கூப்பிடுகிறேன். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி உண்டு, அந்தப் பணமும் வேட்டை உரிமக் கட்டணமும் இந்த மீட்புக்குப் போயின. பண்ணையில் வளர்த்து விட்ட பறவைகள் காட்டில் பிழைக்கவில்லை. காட்டுப் பறவையையே வலைவீசிப் பிடித்து இடம் மாற்றிய பிறகுதான் இனம் பெருகியது.

---

மேப்பிள்_நிழல்

ஜார்ஜியா பற்றி நான் சொல்கிறேன். இங்கே சில ஆண்டுகளாக எண்ணிக்கை குறைந்துவருகிறது. 2022 முதல் பருவத்தைத் தள்ளித் திறக்கிறார்கள், ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அதில் முழு சம்மதம்.

---

தேரிக்காடு

விரிவாகச் சொன்னதற்கு நன்றி அக்கா. அந்த ‘ட்ரூம்ம்’ சத்தம் பாட்டி வீட்டுச் சேவலிடமும் கேட்டிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

---

ஒன்டாரியோ_வடலி

எங்கட ஒன்டாரியோவிலயும் அதே கதைதான், முழுசா அழிஞ்சு போய் 1984இல அமெரிக்காவிலயிருந்து கொண்டுவந்து விட்டதுகள்.

மழை பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஈரம் பட்டா மரக்குச்சி வழுக்கும், சிலேட்டு ஊமையாகும். கார்பன் குச்சி ஒண்டு பையில வைச்சிருங்கோ, ஈரத்திலயும் பிடிக்கும். பாக்ஸை ஒரு பெரிய பாண் பைக்குள்ள வைச்சு, கையையும் உள்ளுக்க விட்டு அடிக்கலாம், சத்தம் வெளியில வரும்.

சிலேட்டுப் பரப்பை அடிக்கடி கீறி எடுக்க வேணும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் போதும். கண்ணாடிக்கு உப்புத்தாள், ஒரே திசையில தேய்ச்சு, குச்சியை அந்தக் கோட்டுக்குக் குறுக்கால இழுக்கிறது. தேய்ச்ச இடத்தைப் பிறகு விரலால தடவிப் பாக்கக்கூடாது, எல்லாரும் தடவுவினம். குச்சி நுனியையும் லேசா உப்புத்தாளில சுத்தி எடுங்கோ. சேவல் அறுபது யார்டில நிக்கேக்க குச்சி வழுக்கி ‘கீஈஈ’ எண்டு கத்துறதுக்குக் காரணம் பழக்கமின்மை எண்டு நினைக்கிறவை, பாதி நேரம் துடைக்காத சிலேட்டுத்தான் காரணம்.

---

மேப்பிள்_நிழல்

கடைசியாக ஒன்று. பாக்ஸில் ரப்பர் பேண்ட் போட்டுக் குலுக்கினால் சேவல் காபிள் வருமே, நின்றுபோன சேவலுக்கு அதைக் கொடுத்துப் போட்டியைக் கிளப்பலாமா?

---

ஓசார்க்_வாசி

பொது நிலத்தில் வேண்டாம் தம்பி. வேண்டவே வேண்டாம். சேவல் வருவதற்கு முன் இன்னொரு வேட்டைக்காரர் அந்தக் காபிளைத் தேடி வருவார், நீங்கள் சேவலாகத் தெரிவீர்கள். தனியார் நிலத்தில், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் யோசிக்கலாம். அதுவும் மூத்த சேவலுக்குத்தான் பொருந்தும். இரண்டாம் நிலையில் இருக்கும் சேவல் அதைக் கேட்டு ஓடிப்போகும்.

---

காலைப்பனி

அதே காரணத்துக்காக, மெதுவாகக் குரல் கொடுக்கும்போதும் சில விஷயங்கள் தவறக் கூடாது. தோள் அகலத்தைவிடப் பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து வரும் குண்டுக்கு அதுதான் தடுப்பு. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது, கால்சட்டைக்கும் காலணிக்கும் நடுவே தெரியும் காலுறை உட்பட. சேவல் தலையின் நிறங்கள் அவை. பெட்டைக் குரல் கேட்கும் திசைக்கு நீங்கள் பதுங்கிப் போகவே கூடாது.

சிலேட்டில் பர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஆள் நடமாட்டம் தெரிந்தால் கையை ஆட்டிக் காட்ட வேண்டாம், விசிலும் வேண்டாம், வான்கோழிக் குரலும் வேண்டாம். அசையாமல் இருந்தபடி உரத்த மனிதக் குரலில், “இங்கே ஆள் இருக்கிறேன்” என்று ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். சேவல் ஓடிப்போகும், போகட்டும். அவர் பதில் சொல்லி, துப்பாக்கி முனையைக் கீழே இறக்கி, விலகிப் போவதைக் கண்ணால் பார்க்கும்வரை மரத்தடியை விட்டு எழாதீர்கள்.